மூன்றாவது துண்டு

வினோஜனை அந்தத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதே ஷெரோமிதான். ஹட்டனில் இயந்திரம் பொருத்தும் பிட்டர் பயிற்சி முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக மஸ்கெலியாவில் ஒரு கடையில் கூரைத் தகரம் வெட்டிக்கொண்டிருந்தான் அவன். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குத் தகரம் வாங்கப் போனவள், அவன் தகரத்தை மடிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோடு போடவில்லை, அளவுகோல் வைக்கவில்லை. ஆனாலும் மடிப்பு நேராக விழுந்தது.

"எங்க கம்பெனியில மெசினுக்கு ஆள் எடுக்கிறாங்க. போறியா?" என்று கேட்டாள்.

"கட்டுநாயக்காவுக்கா அக்கா? என்னைய எடுப்பாங்களா?"

"சர்டிபிகேட்ட கொண்டா. நான் பேசுறேன்."

அவனுடைய அப்பா செல்லசாமி, ஸ்ட்ராத்வேல் தோட்டத்துத் தேயிலை ஃபக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். அம்மா நாகலெட்சுமி கொழுந்து எடுக்கிறவர். ஷெரோமியின் அப்பா றோலண்ட் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அதனால் செல்லசாமிக்கு அவள் என்றைக்கும் மாஸ்டர் வீட்டுப் பிள்ளை. மகனுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒங்களாலதான் பாப்பா," என்றார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தொழிற்சாலை சிறியது. வெளிநாட்டு விமானக் கம்பெனிகளுக்கு வெளித்தகடுகள் செய்து அனுப்பியது. இரண்டு பக்கமும் கவ்விகள் அலுமினியத் தகட்டைப் பிடித்துக்கொள்ள, நடுவில் அச்சு கீழிருந்து எழும்பும். தகடு அச்சின் மேல் இழுபட்டு அதன் வளைவை எடுத்துக்கொள்ளும். தகட்டை எவ்வளவு தூரம் இழுக்கலாம், எந்த இடத்தில் மெலியும், எந்த இடத்தில் கிழியும் என்பதை மெசினில் ஏற்றுவதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டுச் சொல்வதுதான் ஷெரோமியின் வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். பெட்ரோல் தட்டுப்பாடு வந்து நாடே வரிசையில் நின்ற காலத்தில் கணக்கு வேலை செய்பவர்களை வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். வரிசைகள் போன பிறகும் அவள் மஸ்கெலியாவிலேயே இருந்துவிட்டாள். மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் ஏறிக் கட்டுநாயக்காவுக்குப் போய்வந்தாள்.

ஏப்ரலில் லீவுக்கு வந்த வினோஜன் அவள் வீட்டுக்கு வந்திருந்தான். ஐந்து கிலோ கூடியிருந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான். அவளுடைய கணினித் திரையில் பச்சையும் மஞ்சளுமாய் விரிந்திருந்த தகட்டின் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"இது நாம இழுக்கிற அந்தத் தகடுதானே அக்கா?"

"அதேதான். பச்சை நல்லா இருக்கிற இடம். மஞ்சள் மெலியிற இடம். செவப்பு வந்தா கிழியும்."

"சிலிசிலி பிளாஸ்டிக் பேக்க இழுத்தா கிழியறதுக்கு முன்னாடி வெள்ளையாகுமே, அது மாதிரியா?"

"அது மாதிரிதான். ஆனா பேக் வெள்ளையாகி நமக்குக் காட்டும். இந்த அலுமினியம் ஒண்ணுமே காட்டாது. கடைசி வரைக்கும் பளபளன்னு இருந்துட்டு படார்னு போயிரும்."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க," என்று சிரித்தான்.

ஜூலையில் புதிய வேலை ஒன்று வந்தது. விமான இறக்கையின் முன்விளிம்பை மூடும் தகடு. இரண்டு பக்கமும் வளைவு கொண்டது. அச்சின் மேல்மூலையில் உலோகம் நிறைய நீள வேண்டியிருந்தது. அதோடு தகடு அனுப்பும் கம்பெனியும் மாறியிருந்தது. புதிதாக வந்த தகட்டுக் கட்டிலிருந்து மூன்று தகடுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, கிழியும்வரை இழுத்து அளந்து, அந்த அளவுகளை அவளுக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு துண்டும் நூற்றுக்குப் பதினெட்டு வரை நீண்டு கிழிந்திருந்தன. மூன்றாவது பதினொன்றிலேயே போயிருந்தது.

மூன்றையும் வைத்துக் கணக்கை ஓடவிட்டாள். மேல்மூலை சிவந்தது.

அன்று வியாழக்கிழமை. காலையிலிருந்து விடாமல் மழை. ஜன்னலுக்கு வெளியே மஸ்கெலியா நீர்த்தேக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் கஜேந்திரனுக்கு அழைப்பெடுத்தாள். கஜேந்திரன் அவளுடைய பகுதிக்குத் தலைவர். உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, அந்த நாற்காலிக்கு வந்தவர். அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

"சேர், மூணாவது துண்டு சரியில்ல. அத சேத்தா மூலை கிழியுது."

"நானும் பாத்தேன் ஷெரோமி. போட்டோ அனுப்புறேன் பாருங்க. ஓரத்துல வெட்டுக் கீறல் இருக்கு. கத்தி மழுங்கி வெட்டியிருக்காங்க. கீறல் இருந்தா அங்கிருந்துதான் கிழியும். அது தகட்டோட குத்தமில்ல, வெட்டுன குத்தம்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கோடு இருந்தது. அது கீறலா, வெளிச்சத்தின் நிழலா என்று சொல்ல முடியவில்லை.

"இன்னும் மூணு துண்டு வெட்டி இழுத்துப் பாப்போமா?"

"பாக்கலாம். நாலு நாள் ஆகும். திங்கக்கெழம தகடு வாங்குற பையர்ஸ் வர்றாங்க. மொத தகட்ட அவங்க முன்னாடி இழுக்கணும்." பிறகு சொன்னார்: "நான் ஒங்களக் கட்டாயப்படுத்தல. கையெழுத்து ஒங்களோடது. நீங்க தீர்மானிங்க."

அவர் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. பிறகு எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் மிரட்டியிருந்தால் மறுத்திருப்பாளோ என்னவோ. வெட்டுக் கீறலால் துண்டு முன்கூட்டியே கிழிவது நடக்கிற விஷயம்தான். அப்படிப்பட்ட துண்டை நீக்குவதும் எங்கும் உள்ள வழக்கம்தான். திங்கட்கிழமை வருகிறவர்களுக்கு வீடியோ வழியாகக் கணக்கை விளக்கப் போவது அவளே என்று ஒரு மாதத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது. அதற்காகக் கறுப்பு நிறத்தில் ஒரு கோட் தைக்கக் கொடுத்திருந்தாள். அன்று மாலை மூன்றரை மணிக்கு மூன்றாவது துண்டை எடுத்துவிட்டு மறுபடி கணக்கை ஓடவிட்டாள். மூலை மஞ்சளும் ஆகாமல் பச்சையிலேயே நின்றது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: வெட்டுக் குறை காரணமாக ஒரு துண்டு கணக்கில் சேர்க்கப்படவில்லை. அரை மணித்தியாலத்தில் கஜேந்திரன் திரும்ப அழைத்தார்.

"அந்த லைன் வேணாமே ஷெரோமி. அத வாசிச்சா நூறு கேள்வி கேப்பாங்க."

அவள் அந்த வரியை அழித்தாள். அப்போது அவளுக்குத் தெரிந்திருந்த இன்னொரு விஷயமும் உண்டு. மெசின் இழுக்கும்போது தரையிலுள்ள மஞ்சள் கோட்டுக்குள் யாரும் போகக்கூடாது. ஆனால் கணக்கில் பாதுகாப்பு இடைவெளி தாராளமாக இருந்தால், தகட்டின் மேற்பரப்பு சொரசொரப்பாகிறதா என்று கவனிக்க ஒருவர் கோட்டுக்குள் நிற்கலாம். அவளுடைய அறிக்கையில் இடைவெளி தாராளமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வேலைக் குறிப்பு அச்சாகி, அதன் பிரதி அவளுக்கும் மின்னஞ்சலில் வந்தது. மூன்றாம் வரியில் இருந்தது: ஒருவர் உள்ளே நின்று கவனிக்கலாம். யார் என்று பெயர் எழுதியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கோட் அணிந்து கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். முதலில் தகட்டை இழுப்பார்கள், பிறகு மண்டபத்துக்கு வந்து அவளுடைய விளக்கத்தைக் கேட்பார்கள் என்பது ஏற்பாடு. பத்தேகால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று. வீடியோவில் வெறும் நாற்காலிகள் மட்டும் தெரிந்தன. ஒரு பெண் ஓடிவந்து எதையோ எடுத்துக்கொண்டு ஓடினாள். பிறகு யாரோ வந்து கமராவை அணைத்தார்கள்.

பதினொன்றுக்குச் சற்று முன்பு கஜேந்திரனிடமிருந்து அழைப்பு வந்தது. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

"சேர்?"

"தகடு போயிருச்சு ஷெரோமி. மேல்மூல. கவ்வியில இருந்து பிச்சிக்கிட்டு வந்து வீசிருச்சு. வினோஜன் உள்ள நின்னான்."

"அவனுக்கு?"

"கழுத்துல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..." பிறகு, "அவங்க அம்மா அப்பாகிட்ட யாராச்சும் போய்ச் சொல்லணும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க," என்றார்.

அவள் கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். அம்மா இசபெல் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வெளியே போய் த்ரீவீலர் பிடித்தாள். தோட்டத்துக்கு இருபது நிமிடப் பாதை. மேல்மூலை என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. அவள் எடுத்துப் போட்ட துண்டு சொன்ன அதே இடம். அந்தத் தகட்டுக் கட்டுக்குள் நல்ல தகடுகளும் இருந்திருக்கின்றன, கெட்ட தகடுகளும் இருந்திருக்கின்றன. மூன்றாவது துண்டு கெட்ட தகட்டிலிருந்து வெட்டப்பட்டது. கத்தி மழுங்கவில்லை.

முதலில் ஃபக்டரிக்குப் போனாள். செல்லசாமி அடுப்படியிலிருந்து கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினார்.

"வினோஜனுக்கு மெசின்ல அடிபட்டிருச்சு மாமா."

"எங்க இருக்கான்?"

"ஆஸ்பத்திரியில."

"உசுரோட இருக்கானா பாப்பா?"

அவள் தலையைக் குனிந்தாள். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. உள்ளே போய் அடுப்பின் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நாகலெட்சுமி எட்டாம் நம்பர் மலையில் இருந்தார். மழை விட்டிருந்தாலும் பாதையெல்லாம் வழுக்கல். செல்லசாமி முன்னால் போக ஷெரோமி பின்னால் ஏறினாள். பெண்கள் வரிசையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி சின்னராசா முதலில் பார்த்துவிட்டுக் குரல் கொடுக்க வாயெடுத்தவர், குரல் கொடுக்கவில்லை. வேலை நேரத்தில் செல்லசாமி மலைக்கு ஏறி வந்ததை அங்கே யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை.

நாகலெட்சுமி நிமிர்ந்து பார்த்தார். கணவனையும் அவருக்குப் பின்னால் மாஸ்டர் மகளையும் பார்த்தார். கையிலிருந்த கொழுந்தைக் கூடைக்குள் போட்டார். தலையிலிருந்த கூடைக் கயிற்றை மெதுவாகக் கழற்றினார்.

"என்னா, ரெண்டு பேரும் சேந்து வாறீங்க?"

ஷெரோமிதான் பேசினாள். "மாமி, வினோஜனுக்கு..." என்று ஆரம்பித்து, அடிபட்டது, ஆஸ்பத்திரி என்று மறுபடி அதே பொய்யையே சொன்னாள். நாகலெட்சுமி அவளைப் பார்க்கவில்லை. கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லசாமி தொப்பியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "நம்ம புள்ள போயிட்டான்," என்றார்.

நாகலெட்சுமி நின்ற இடத்திலேயே தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அவருடைய சத்தம் அடுத்த மலை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் உடலைக் கொண்டுவந்தார்கள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் மலர்வளையத்தோடு வந்திருந்தார்கள். கஜேந்திரனும் வந்தார். ஷேவ் செய்யாத முகத்தோடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு, வாகனத்தில் ஏறிப் போனார். மலர்வளையத்தோடு வந்தவர்களில் ஒருவர் அங்கிருந்த இளைஞர்களிடம், "கோட்ட தாண்டி உள்ள போயிட்டாரு. எத்தன தடவ சொல்லியும் இந்தக் காலத்துப் புள்ளைங்க கேக்க மாட்டேங்குதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் அந்தப் பேச்சு லயம் முழுவதும் போய்விட்டது.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் செல்லசாமி அதை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அன்று உள்ளே வந்து உட்கார்ந்தார். றோலண்ட் வீட்டில் இல்லை.

"என்னா எழுதியிருக்குன்னு சொல்லுங்க பாப்பா."

ஷெரோமி வாசித்தாள். இயந்திரம் இயங்கும்போது தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் எவரும் செல்லக்கூடாது என்பது தொழிற்சாலையின் விதி. அந்த விதியை மீறித் தொழிலாளி உள்ளே சென்றது விபத்துக்குக் காரணமாயிற்று. தொழிலாளியின் கவனக்குறைவுக்காக நிறுவனம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. அன்றைய வேலைக் குறிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. செல்லசாமி கடிதத்தை வாங்கி, வந்த மடிப்பிலேயே மடித்தார்.

"அப்ப என் மகன் பேர்லதான் தப்பு."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும் என்று பிறகு நினைத்தாள். ஆனால் அவள் சொன்னது, "டீ குடிச்சிட்டுப் போங்க மாமா," என்பதுதான்.

"வேணாம் பாப்பா. அவ தனியா இருக்கா."

அவர் போன பிறகு அவள் கணினியைத் திறந்தாள். நீக்கிய துண்டை மறுபடி சேர்த்துக் கணக்கை ஓடவிட்டாள். என்ன வரும் என்று தெரிந்துகொண்டே பார்த்தாள். மேல்மூலை சிவந்தது. வினோஜன் எந்தப் பக்கம் நின்றிருப்பான் என்று திரையில் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

கஜேந்திரனுக்கு அழைத்தபோது முதலாவது மணியிலேயே எடுத்தார்.

"நீங்க எதுக்கு எடுக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார். "நானும் தூங்கி நாளாச்சு."

"அவன் கோட்ட தாண்டல சேர். உள்ள நிக்கச் சொல்லிக் குறிப்புல இருக்கு. எங்கிட்ட காப்பி இருக்கு."

"இருக்கட்டும். அத வெளிய கொடுத்தா என்னா ஆகும்னு யோசிச்சுப் பாத்தீங்களா? நீங்க போவீங்க, நான் போவேன், அத விடுங்க. பையர்ஸ் போயிருவாங்க. அந்தப் பகுதிய மூடிருவாங்க. நூத்தியிருவது பேரு. அதுல முப்பது பேரு நம்ம தோட்டத்துப் புள்ளைங்க. அவங்கள நீங்களும் நானும்தான் சேத்தோம்."

"வினோஜன் அம்மாவுக்கு என்ன சொல்றது?"

"என்னால முடியல ஷெரோமி. ஒங்களால முடிஞ்சா செய்ங்க. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் அவள் ஐந்து நாள் ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டாள், படுத்தாள், கம்பெனி அனுப்பிய வேறொரு தகட்டுக்குக் கணக்கும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டாள். ஆறாம் நாள் காலை தோட்டத்துக்குப் போனாள்.

லயத்தின் கடைசி அறை அவர்களுடையது. வினோஜனின் படம் மாலையோடு சுவரில் இருந்தது. செல்லசாமி இரவு வேலை முடித்து வந்து படத்துக்குக் கீழே குந்தியிருந்தார். வினோஜனின் தங்கை நிலக்ஷி ஸ்டூலை எடுத்துப் போட்டாள். ஷெரோமி அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அந்தக் கடுதாசியில இருக்கிறது பொய். வினோஜன் கோட்ட தாண்டல. அவன உள்ள நிக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தாங்க."

நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு எழுதினது?" என்று செல்லசாமி கேட்டார்.

"கம்பெனி எழுதினது. ஆனா நான் குடுத்த கணக்க வச்சு எழுதினது. தகடு கிழியாதுன்னு நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று துண்டு இழுத்தது, இரண்டு நன்றாக இருந்தது, ஒன்று கிழிந்தது, அதை வெட்டின குற்றமென்று நினைத்து எடுத்தது, எடுத்ததை எழுதி அதையும் அழித்தது. இதைவிடச் சுலபமான வார்த்தைகளில் அந்த வேலையை அவள் யாருக்கும் விளக்கியதில்லை. அவர்களுக்கு ஒரு வார்த்தைகூட விளங்காமல் போகவில்லை.

"கிழிஞ்சத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"போட்டோவுல பாத்தேன் மாமா."

"பாத்துட்டுத்தான் எடுத்தீங்க."

"ஆமா."

"திருப்பி இழுத்துப் பாக்கலாம்னு யாருக்கும் தோணலையா?"

"எனக்குத் தோணிச்சு. நாலு நாள் ஆகும்னாங்க. விட்டுட்டேன்."

செல்லசாமி நாலு நாள் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். நாகலெட்சுமி அடுப்படியைவிட்டு வந்து அவளுக்கு எதிரே நின்றார். இவ்வளவு காலமும் அவர் ஷெரோமியைப் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை. நீங்க, வாங்க என்றுதான் பேசுவார்.

"அன்னைக்கு மலைக்கு வந்தியே. எம் புருசனுக்குப் பின்னாடியே ஏறி வந்தியே. அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மாமி."

"தெரிஞ்சிக்கிட்டுத்தான் எங்கூட சுடுகாட்டுப் பாத வரைக்கும் வந்தியா? எங் கையப் புடிச்சிக்கிட்டு நின்னியே."

நாகலெட்சுமி கதவைக் காட்டினார்.

"எந்திரிச்சுப் போ."

அவள் எழுந்தாள். கதவைத் தாண்டும்போது நாகலெட்சுமி பின்னாலிருந்து, "எம் புள்ள கவனமில்லாதவன்னு தோட்டம் பூரா பேசுது. அத மட்டும் எடுத்துட்டுப் போ," என்றார்.

அடுத்த வாரம் தொழில் திணைக்களத்திலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரி ஹட்டனுக்கு வந்தார். ஐம்பது வயதுச் சிங்களப் பெண். ஷெரோமி கணக்குகள், துண்டுகளின் அளவுகள், அழித்த வரியோடு கூடிய முதல் அறிக்கை, வேலைக் குறிப்பின் பிரதி எல்லாவற்றையும் அவர் முன் வைத்தாள். அதிகாரி வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைக் கொடுத்தால் முதல் குற்றம் உங்கள் மேல்தான் வரும், தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். தெரியும் என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். யாராவது உங்களை வற்புறுத்தினார்களா என்று கேட்டார். கஜேந்திரனின் குரல் அவளுக்கு ஞாபகம் வந்தது. இல்லை, சொன்னார்கள், நான் ஒத்துக்கொண்டேன் என்றாள். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கஜேந்திரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவருடைய வாக்குமூலத்தில் எதையும் மறுக்கவில்லை. விசாரணை ஐந்து மாதம் நடந்தது. வினோஜன் கோட்டுக்குள் நின்றது அனுமதியோடுதான் என்றும், ஒத்துவராத சோதனை முடிவை மறுபடி சோதிக்காமல் நீக்கியதே விபத்துக்குக் காரணம் என்றும் முடிவு வந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை விலக்கிப் புதிய கடிதம் அனுப்பும்படி கம்பெனிக்கு உத்தரவாயிற்று. நட்டஈடும் கிடைத்தது. ஷெரோமிக்கும் கஜேந்திரனுக்கும் வேலை போயிற்று. இனி எந்த அறிக்கையிலும் கையெழுத்திடக்கூடாது என்று அவளுக்குத் தனியாக ஒரு தடை வந்தது.

கஜேந்திரன் சொன்ன மற்றதும் நடந்தது. வாங்குகிறவர்கள் போனார்கள், அந்தப் பகுதியை மூடினார்கள். தை மாதத்தில் வேலையிழந்த தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பைகளோடு மஸ்கெலியா பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் மேல் டிவிசன் முத்துலிங்கத்தின் மகனுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள், அது நின்றுபோயிற்று. முத்துலிங்கம் கடைத்தெருவில் ஷெரோமியைக் கண்டால் மறுபக்கம் மாறி நடந்தார். பூசைக்குப் போனால் அவள் உட்காரும் வாங்குப் பலகையில் பக்கத்து இடங்கள் காலியாகவே இருந்தன. றோலண்ட் மாஸ்டர் மாலையில் நடக்கப் போவதை நிறுத்திக்கொண்டார். "நீ செஞ்சது சரிதான்," என்று ஒருநாள் மகளிடம் சொன்னார். எதைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. சரியாகச் செய்தது ஒன்று, அதற்கு முன் தவறாகச் செய்தது இரண்டு மூன்று.

கம்பெனியின் புதிய கடிதம் மாசியில் வந்ததாக அவளுக்குத் தெரியவந்தது. ஒரு வாரம் பொறுத்திருந்துவிட்டு, பகல் பதினொரு மணிக்குத் தோட்டத்துக்குப் போனாள். அந்த நேரம் நாகலெட்சுமி மலையில் இருப்பார் என்று கணக்குப் பார்த்தே போனாள். செல்லசாமி தங்கள் லயத்து அறைக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கோடரியைச் சாத்திவைத்தார்.

"கடுதாசி வந்துச்சாம் மாமா."

"வந்துச்சு. நிலக்ஷி வாசிச்சுக் காட்டினா. அந்த வார்த்தைய எடுத்துட்டாங்க."

"வேற ஏதாச்சும் எழுதணும்னா, ஆபீஸ் பக்கம் போகணும்னா..."

"இல்ல பாப்பா. நிலக்ஷி பாத்துக்குவா." அவர் உள்ளங்கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். எதையோ சொல்ல யோசிக்கிறவர் போலப் பாதையைப் பார்த்தார். "கடுதாசிய கொண்டுபோய் எல்லா வீட்லயும் காட்டிட்டு வந்தா அவ அம்மா. ஒரு வீடு விடாம. அதுக்கப்புறம்தான் ரெண்டு வாய் சாப்புட்டா."

ஷெரோமி தலையசைத்தாள்.

"நீங்க இல்லாட்டி அது வந்திருக்காது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனா இனிமே இந்தப் பக்கம் வராதீங்க பாப்பா. ஒங்களக் கண்டா அவ மறுபடி மொதல்ல இருந்து தொடங்குவா. என்னாலயும் முடியல."

"சரி மாமா."

"மாஸ்டர கேட்டதா சொல்லுங்க."

அவர் கோடரியை எடுத்துக்கொண்டார். கொழுந்து நிறுக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணித்தியாலத்தில் பெண்கள் கூடைகளோடு பாதைக்கு இறங்கிவிடுவார்கள். ஷெரோமி குறுக்குப் பாதையில் திரும்பி, வழுக்குகிற படிகளில் முடிந்த அளவு வேகமாக இறங்கினாள்.